ஒரு கையால் போட்டுக்கொள்ள ஒரு ஜாக்கெட்

மேற்கு மாம்பலத்தில் ஒரு மாடிப்படியின் கீழே தைத்துக்கொண்டிருந்தார் அந்த அம்மா. வாயில் கவ்விய குண்டூசியை எடுக்காமலே பேசுவார். மிஷின் மேல் சாய்த்து வைத்த செல்போனில் எப்போதும் வாரம் ஒருவரை வெளியே அனுப்பும் ஆடை வடிவமைப்புப் போட்டி நிகழ்ச்சி ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்.

பக்கவாதம் வந்ததிலிருந்து என் இடது கையைத் தூக்க முடியவில்லை. எட்டு மாதமாக மகள்தான் ஜாக்கெட் போட்டுவிட்டாள். தினமும் எனக்குக் கூச்சமாக இருக்கும். நானே போட்டுக்கொள்கிற மாதிரி ஒன்று தைக்க முடியுமா என்று அந்த அம்மாவிடம் கேட்டேன்.

அளவு கொடுக்க எழுந்தேன்.

"இன்னாத்துக்குக்கா எழுந்துக்கிற? குந்திக்கோ. இந்தப் போட்டில ஒரு பையன், சக்கர நாற்காலில கீற பொண்ணுக்கு கவுன் தெச்சான். உக்கார வெச்சேதான் அளவெடுத்தான். அத்த பாத்தப்புறம்தான் எனக்கே புரிஞ்சுது."

"அவன் ஜெயிச்சானா?"

"எங்க? அந்த வாரமே அனுப்பிட்டாங்க. நான்தான் கத்துக்கினேன்."

என் கை மடியில் கிடந்தபடியே அளவெடுத்தார். இடது தோளும் பக்கமும் முழுதாகத் திறக்கும்படி தைத்து, அழுத்தினால் மூடும் பட்டன்கள் வைத்துக் கொடுத்தார்.

மறுநாள் காலையில் அரை மணி நேரம் போராடி நானே போட்டுக்கொண்டேன். கதவைத் திறந்து உள்ளே வந்த மகள் புடவையை மட்டும் கட்டிவிட்டாள்.

இப்போது நானும் அந்தப் போட்டியைப் பார்க்கிறேன். யாரையாவது வெளியே அனுப்பும்போதெல்லாம், இவரிடமிருந்து அந்த அம்மா எதைக் கற்றுக்கொண்டாரோ என்று நினைத்துக்கொள்வேன்.