பரமசிவம் சாருக்கு ஒரு கப் சுடுதண்ணி

பரமசிவம் சார் போயிட்டார்.

காலையில கண்டியில என் போட்டோ கொப்பி கடையைத் திறந்து லைட்கூடப் போடல. வழக்கமா வர்ற பாஸ்டர் ஒரு பேப்பரை நீட்டினார். "அம்பது கொப்பி போடுங்க சிஸ்டர்." ஏதோ சபை நோட்டீஸ்னு நினைச்சு மெஷின்ல வச்சேன். மெஷின் மூடியை மூடப் போறப்பதான் சாரோட போட்டோவைப் பார்த்தேன்.

மரண அறிவித்தல்.

தெல்தெனியவுல தனியா இருந்த ரூம்ல, நேத்து காலையில எழும்பலையாம். மகள் கட்டார்ல. வந்து சேர ரெண்டு நாள் ஆகுமாம்.

களைப்பா இருக்கு. இந்த வருஷம் இந்த மெஷின்ல எத்தனை பேரோட மரண அறிவித்தல் போட்டேன்னு எனக்கே தெரியல... எழுத மனசே வரல. ஆனா சாரைப் பத்தி எழுத வேற யாரு இருக்கா.

தெரியாதவங்களுக்கு... பேரு பரமசிவம், மதம் மோர்மன், அமெரிக்காவுல பொறந்த ஒரு கிறிஸ்தவ மார்க்கம். மடுல்கெல்ல பக்கம் ஒரு தோட்டத்துல கிளாக்கரா இருந்தவர். ரிட்டயர் ஆனபிறகு, தன் மார்க்கத்தைப் பத்தி ஊர் கேக்கிற கேள்விக்கெல்லாம் தமிழ்ல பதில் எழுதுறதுதான் வேலை. அவங்க ஞாயிறு கூட்டத்துக்குப் பத்துப் பேர் வந்தா அதிசயம். அந்தப் பத்துப் பேருக்காக, அகராதியை வச்சுக்கிட்டு பைபிளோட மூல மொழி எபிரேயத்தைத் தானாவே படிச்ச மனுஷன்.

அந்த எழுத்து என் கம்ப்யூட்டர்ல வராது. இடம் விட்டுப் பிரிண்ட் எடுத்துக் குடுப்பேன். கதிரையில உக்காந்து பேனையால ஒவ்வொண்ணா எழுதி நிரப்புவார். அப்புறம்தான் கொப்பி.

தேத்தண்ணி தொடமாட்டார், அவங்க மார்க்கத்துல அது கூடாது. தேயிலைக்குள்ள பொறந்து, தேயிலையில சம்பளம் வாங்கின ஆள்! "சுடுதண்ணி போதும் தங்கச்சி"ம்பார். ரெண்டு மாரி பிஸ்கட்டை அந்த வெறும் சுடுதண்ணியில முக்கிச் சாப்பிடுவார். பார்க்கிற எனக்குத்தான் சப்புன்னு இருக்கும்.

கூத்து என்னன்னா, அவரைத் தாக்கி நோட்டீஸ் போட்டதும் இதே பாஸ்டர்தான். அதுவும் என் கடையிலதான். பாஸ்டர் ஒரு பக்கத்துல கேட்டா சார் எட்டுப் பக்கத்துல பதில் சொல்லுவார். ஒரு கோபமான வார்த்தை இருக்காது.

"யார் சார் இதையெல்லாம் வாசிக்கிறது?"

"கேட்டவரு வாசிப்பாருல்ல தங்கச்சி."

ஒருநாள் ரெண்டு பேரோட வேலையும் ஒரே மேசையில கிடந்தது. கரண்ட் போய் வந்த அவசரத்துல, பாஸ்டரோட நோட்டீஸை சாரோட பதில் புத்தகத்துக்குள்ள சேர்த்து ஸ்டேப்ளர் அடிச்சிட்டேன். ஒண்ணு ரெண்டு இல்ல, அத்தனையும். மூணாம் பக்கத்துல கொட்டை எழுத்துல "இந்த மார்க்கம் ஆபத்து"!

எனக்குத் தெரியுறதுக்குள்ள சார் ஊரெல்லாம் குடுத்து முடிச்சிட்டார். பாஸ்டர் கைக்கும் ஒண்ணு போயிருச்சு. அழாத குறையா விஷயத்தைச் சொன்னேன். சார் சிரிச்சார். "பரவால்ல தங்கச்சி. கேள்வி தெரிஞ்சாத்தானே பதில் வெளங்கும்."

அப்படிப்பட்ட மனுஷனோட நான் சண்டை போட்டிருக்கேன்.

பழைய தோட்டத்துப் பதிவுகளைத் தேடி ஆளுங்க பேரைச் சரியா எழுதி வைக்கிறது சாரோட இன்னொரு வேலை. "நான் கிளாக்கரா இருந்தப்ப எத்தன ஆளுங்க பேர பாதியில வெட்டியிருக்கேன் தெரியுமா? வாயில வந்தத எழுதிட்டு அடுத்த ஆளுன்னு கூப்பிட்டுருவோம்." ஹந்தானைத் தோட்டத்துல என் அப்பா சாகும்வரைக்கும் வெறும் ராமன்தான். ராமலிங்கம்னு தேடி எடுத்துக் குடுத்தது சார். அன்னைக்குக் கடையில நின்னு அழுதேன்.

அதுக்கப்புறம் தயங்கித் தயங்கி ஒண்ணு கேட்டார். செத்துப்போனவங்க பேர்ல, உயிரோட இருக்கிறவங்க ஞானஸ்நானம் எடுக்கிற வழக்கம் அவங்ககிட்ட உண்டு. அதுக்கு அப்பா பேரை அனுப்பலாமான்னு.

"எங்கப்பா மாரியம்மனுக்குத் தீ மிதிச்ச ஆளு சார். செத்த பொறகு மதம் மாத்தப் பாக்குறீங்களா?"

"மாத்துறது இல்ல தங்கச்சி. கதவத் தட்டுறது மட்டுந்தான். அவரு வேணாம்னா அந்த லோகத்துலயும் வேணாம்னு சொல்லலாம். ஆனா மக நீங்க இருக்கீங்க, ஒங்கள கேக்காம செய்யக்கூடாது."

மூஞ்சியைத் திருப்பிக்கிட்டேன். அன்னைக்குச் சுடுதண்ணிகூடக் குடுக்கல.

அடுத்த வாரமும் வந்தார். அதைப் பத்திப் பேசவே இல்ல. வருஷக்கணக்கா பேசல.

போன மாசம் மெசஞ்சர்ல ஒரு மெசேஜ். "தங்கச்சி, அப்பா பேரு இன்னும் என்கிட்டத்தான் இருக்கு. அனுப்பல. மேலுக்கு முடியல, அதான் கேக்குறேன். வேணாம்னாலும் சொல்லுங்க, அழிச்சிர்றேன்."

பார்த்தேன். அப்புறம் பதில் போடலாம்னு விட்டேன். கடை, வீடு, கால் வலி... நான் பார்த்துட்டேன்னு அவருக்குக் காட்டியிருக்கும். சரின்னும் சொல்லல, வேணாம்னும் சொல்லல. ஒரு கேள்விக்கு எட்டுப் பக்கம் எழுதுற மனுஷனுக்கு ஒரு வார்த்தை எழுத எனக்கு முடியாமப் போச்சு. வெக்கமா இருக்கு.

இன்னைக்குப் பாஸ்டர் கொப்பியெல்லாம் புரட்டிப் பார்த்தார். "இந்த தடவ ஒண்ணும் மாறலயே சிஸ்டர்?"ன்னு சிரிக்கப் பார்த்தார். முடியல. "அவரு எழுதுனது பூராத்தையும் வாசிச்சு வச்சிருக்கேன்"னு சொல்லிட்டு, தெல்தெனிய பஸ்ஸைப் பிடிக்கப் போயிட்டார்.

சார்... அமாவாசைக்கு அப்பாவுக்குப் படைக்கிறப்ப, தேத்தண்ணிக்குப் பக்கத்துல உங்களுக்கு ஒரு கப் சுடுதண்ணியும் ரெண்டு மாரி பிஸ்கட்டும் வைக்கணும்னு இருக்கு. உங்க மகள் வரட்டும். கேட்டுட்டுத்தான் வைப்பேன்.

மத்தது, நீங்க மெசேஜ்ல கேட்டது... அப்பாவை அங்க பாத்தீங்கன்னா நீங்களே கேட்டுக்குங்க சார். முழுப் பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க.