எந்தப் பெயரைச் சொன்னாள்?

அந்தக் கோடையில் என் கணவர் நெவாடாப் பாலைவனத்தில் ஒரு மலையை அளந்துகொண்டிருந்தார். டொரொண்டோவில் அவர் வேலை செய்த நில அளவைக் கொம்பனி அனுப்பியிருந்தது. மலையைச் சுற்றி, வெள்ளிச் சுரங்கங்களை மூடியதும் சனங்கள் விட்டுப்போன குடியிருப்புகள். போவதற்கு முன், நான் கேட்டதற்காகப் படங்களைக் காட்டினார். கதவு திறந்த வீடுகள், ஒரு பள்ளிக்கூடம், வெயிலில் கிடந்த ஒரு தொட்டில். பழைய சுரங்கக் குழிகளை மூடிய பலகைகள் உக்கி, மேலே மணல் படிந்து, நிலம் போலவே இருக்கும் என்றார். ஏன் கேட்டேன் என்றிருந்தது.

மலையடியில் தொலைபேசி இல்லை. இறங்கி, வெகுதூரம் வாகனம் ஓடி, பெற்றோல் நிலையத்துக்கு வரவேண்டும். அந்தக் காலத்தில் எங்கள் ஆட்கள் எல்லோரும் செய்ததையே நாங்களும் செய்தோம். அவர் கலெக்ட் கோல் எடுப்பார். ஒப்பரேட்டர் அழைப்பவரின் பெயரைச் சொல்லி, செலவை ஏற்பீர்களா என்று கேட்பாள். மகளின் பெயர் வந்தால் அவர் சுகமாக இறங்கிவிட்டார். நான் 'நோ' சொல்லி வைத்துவிடுவேன். அவருடைய பெயர் வந்தால் ஏதோ பிரச்சினை, ஏற்க வேண்டும்.

உச்சிக்கு ஏறும் நாளன்று நான் தொலைபேசியை விட்டு நகரவில்லை. பின்னேரம் மகள் கக்கிப் படுக்கை முழுவதும் நனைந்துவிட்டது. எங்கள் டோர்செட் பார்க் குடியிருப்பின் பக்கத்து அப்பார்ட்மென்ட் அன்ரியை மகளோடு இருத்திவிட்டு, துணிகளோடு கீழே லோண்டரிக்குப் போனேன். போகத்தான் வேண்டுமா என்று லிஃப்ட் வாசலில் தயங்கினேன்.

திரும்பி வந்தபோது அன்ரி மகளைத் தோளில் தட்டிக்கொண்டிருந்தார்.

"உம்மட மனுசன் எடுத்தவர் பிள்ளை. நான் டக்கெண்டு நோ சொல்லி வைச்சிட்டன்."

"ஒப்பரேட்டர் என்ன பேர் சொன்னவள், அன்ரி?"

"பேரோ? அதை ஆர் கேட்டது? கலெக்ட் எண்டு தொடங்கவே வைச்சிட்டன். எங்கட வீட்டிலயும் உதுதானே வழக்கம்."

"மகளின்ர பேரோ, அவற்ற பேரோ?"

"காசை மிச்சம் பிடிச்சுத் தந்தால் பொலிஸ்காரி மாதிரிக் கேக்கிறீர்." சிரித்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். "ஏன் பிள்ளை, பிழையோ?"

இல்லை என்றேன். வேறென்ன சொல்லியிருக்கலாம்?

திரும்ப எடுக்க இலக்கம் இல்லை. சனிக்கிழமை, கொம்பனியில் யாரும் எடுக்கவில்லை. பொலிசுக்குச் சொல்லலாமா, சொன்னால் அவருடைய வேலைக்கு ஏதும் ஆகுமா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். ஈரத் துணிகள் கீழே மெசினிலேயே கிடந்தன.

இருட்டுமுன் மணி அடித்தது. ஒப்பரேட்டர் அவருடைய பெயரைச் சொன்னாள். அவள் முடிக்குமுன் 'யெஸ்' என்றேன்.

"எனக்கு ஒண்டும் இல்லை," என்றார். "முதலும் என்ர பேரிலதான் எடுத்தனான். என்னோட வந்தவன் படம் எடுக்க ஒரு வீட்டுக்குள்ள போனவன். பலகைத் தளம் இடிஞ்சு கீழ விழுந்திட்டான். கால் முறிவு. ஹெலிகொப்டரில ஏத்தி அனுப்பிப்போட்டு வாறன்."

"நீங்கள் உள்ள போகேல்லையோ?"

"ஆளில்லாத வீட்டுக்குள்ள ஆர் போறது? வாசலிலயே நிண்டிட்டன்."

சண்டை நடந்த எங்கள் ஊரில் சனம் விட்டுப்போன வீடுகளில் மிதிவெடி இருக்கும். அந்தப் பயம் அவருடைய கால்களை விட்டு இன்னும் போகவில்லை.

"நாளைக்கும் போகோணும். மற்ற வீடுகளையும் அளக்கட்டாம்."

"வேண்டாம். வாங்கோ."

"வேலை போயிடும்."

அதுவரை அவர் சொன்ன எதற்கும் நான் மறுத்ததில்லை. "போகட்டும்," என்றேன்.

மறுமுனையில் லொறி ஒன்று கடந்து போகும் சத்தம் கேட்டது. பிறகு, எந்தப் பிளேனில் இடம் இருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன் என்றார்.