பூலாம்பாடிக் குளத்துத் தண்ணீரும் என் வெட்டிவேர் பாட்டிலும்

கல்லாகிப் போன நத்தைகளைப் பார்க்க அரியலூர் போகிறோம், பெரம்பலூர் வழியாகப் போகலாமா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். தாராளமாகப் போகலாம். எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு மாசி மாதம் நான் அந்தப் பக்கம் சுற்றியது நத்தைக்காக அல்ல, குளத்துத் தண்ணீருக்காக. திருச்சியில் வேதியியல் ஆராய்ச்சி மாணவன். தோள்பையில் காலி பாட்டில்கள், தலையில் கனம்.

என் பாடம் இதுதான். இலையும் சருகும் குளத்தில் ஊறி, டீத்தூளைப் போலத் தங்கள் சாரத்தைத் தண்ணீரில் இறக்கிவிடும். வடிகட்டினாலும் போகாது, கரைந்தே கிடக்கும். கரிமப் பொருள் என்போம். ஊதா நிறப் பெர்மாங்கனேட்டை ஒரு துளி விட்டால், இந்தக் கரிமம் அதன் நிறத்தைத் தின்றுவிடும். சீக்கிரம் வெளுத்தால் நிறையக் கரைந்திருக்கிறது என்று பொருள். தண்ணீர் நல்லதா கெட்டதா என்பதை அந்தத் துளி சொல்லாது. இதைத் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவன் நான்.

திருச்சியிலிருந்து பெரம்பலூர் சுமார் அறுபது கிலோமீட்டர். பாடாலூரில் இட்லி சாப்பிட்டேன். டிக்கெட் விலை மறந்துவிட்டது, மன்னிக்கவும். பெரம்பலூரில் பஸ் மாறிப் பூலாம்பாடி. அங்கே டீக்காகப் பத்து நிமிடம் நிறுத்துவார்கள். நிறுத்தத்தில் இரண்டு கடைகள். ஒன்று பழைய கடை. எதிரே செல்லம்மா என்பவர் புதிதாகப் போட்ட கடை. அதுவரை பிறர் வயலில் கூலிக்குப் போனவர். இவர் கையால் டீ வாங்கிக் குடிக்க ஊர்க்காரர்கள் அப்போதுதான் பழகிக்கொண்டிருந்தார்கள்.

"வாங்க சார், டீ போடட்டுங்களா? இந்தக் கடை நின்னுட்டா இனிமே களையெடுக்கப் போவ வேணாம்னு இருக்கேன்" என்றார், ஒரு தம்ளர் தண்ணீரை நீட்டியபடியே. புங்க மரங்கள் சூழ்ந்த குளத்துத் தண்ணீர், லேசான பழுப்பு. நான் குடிக்கவில்லை. "இருங்கம்மா" என்று பையிலிருந்து பெர்மாங்கனேட்டை எடுத்து அதில் ஒரு துளி விட்டேன். பயணிகள் கூடிவிட்டார்கள். எனக்கும் உற்சாகம் தாங்கவில்லை. ஊதா மங்கி, பழுப்பாகி, அடங்கியது.

"பாத்தீங்களா, இதுல அவ்வளவு கரைஞ்சிருக்கு!"

"அழுக்குங்களா சார்?" என்றார் ஒருவர். இல்லை, இலைச் சாறு என்று சொல்லியிருக்க வேண்டும். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தான் ஆண்டி என்பார்களே, அந்த ஆண்டி நான். "ஒரு வகையில அப்படித்தான்" என்றேன். பாதி குடித்த தம்ளர்களைப் பலகையில் வைத்துவிட்டு எல்லோரும் எதிர்க் கடைக்குப் போனார்கள்.

பஸ் கிளம்பிய பிறகு செல்லம்மா என் தண்ணீர் பாட்டிலைக் காட்டினார். வெட்டிவேர் போட்டுக் காய்ச்சி, அறையிலிருந்து கொண்டுவந்தது.

"இதுலயும் ஊத்துங்க சார். பாப்போம்."

ஊற்றினேன். குளத்துத் தண்ணீரைவிடச் சீக்கிரம் வெளுத்துப்போனது. வெளுக்காமல் என்ன செய்யும்? வேர் ஊறிய தண்ணீர் அல்லவா.

"அப்ப உங்களுதும் அழுக்குத் தண்ணிதானா?"

"அழுக்கு இல்லம்மா. ரெண்டும் ஒண்ணுதான். நான்தான் தப்பா சொல்லிட்டேன்."

"என்கிட்ட சொல்றீங்க. பஸ்ஸுல போனவங்ககிட்ட யாரு சார் சொல்றது?"

குளத்தில் பாட்டில்களை நிரப்பிக்கொண்டு நடந்தேன்.

மறுவாரம் மறுபடி தண்ணீர் எடுக்க வேண்டியிருந்தது. பூலாம்பாடி நெருங்கியதும் கண்டக்டர் அக்கறையாக என்னிடம் குனிந்தார். "சார் வெளியூருங்களா? அந்தப் பொம்பள கடையில குடிக்காதீங்க. காலேஜ் ஆளு ஒருத்தரு வந்து மருந்து ஊத்திப் பாத்து, விசத் தண்ணின்னு சொல்லிட்டுப் போயிட்டாரு."

அந்த ஆள் நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. "சரிங்க" என்றேன். பஸ்ஸே எதிர்க் கடையில் நின்றது, நானும் அங்கேதான் நின்றேன். செல்லம்மாவின் கடையில் ஒருவரும் இல்லை. அவர் என்னைப் பார்த்தார், என் கையிலிருந்த தம்ளரையும் பார்த்தார். பிறகு அடுப்பைத் தணித்தார்.

போகிறவர்களுக்கு: பெரம்பலூரிலிருந்து அரியலூர் முப்பது கிலோமீட்டர் இருக்கும், காலையிலேயே கிளம்புங்கள், வெயில் கடுமை. தண்ணீரைச் சோதிக்கும் ஆசை இருந்தால் பாட்டிலில் பிடித்து வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சோதியுங்கள், கடை வாசலில் வேண்டாம். அன்றைக்கு அந்த இரண்டு கடைக்கும் ஒரே குளத்துத் தண்ணீர்தான். எதிர்க் கடையில் நான் தம்ளரை வாங்கும்போதே எனக்கு அது தெரியும்.