விரற்கடைக்காரர்

சக்கரத்தின் நடுவில் டேப்பின் முனையைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, மறுமுனையை மட்கார்டின் விளிம்புவரை இழுத்துப் பிடித்து, ஒற்றைக் கண்ணை மூடிப் படிக்கிறார். "அம்பத்து நாலு." அதைச் சுண்ணக்கட்டியால் டயரின் மேல் எழுதுகிறார். எழுதியபின் மறுபடியும் அளக்கிறார். பிறகு முழங்காலிட்டு, கையைச் சக்கரத்துக்கு மேலே தோள்வரை நுழைத்து, உள்ளே இருக்கும் ரப்பர் பையின் மடிப்புகளை விரலால் தடவுகிறார். ஒரு சக்கரத்துக்கு ஐந்து நிமிடம் ஆகும். அவசரப்படுத்துகிறவர்களை அவர் திரும்பியும் பார்ப்பதில்லை.

தார்ச்சாலை முடிந்து மணல் தொடங்கும் இடத்தில் இருக்கிறது அந்த வண்டிக்கூடம். பாலைக்குள் கிணறு தோண்ட இடம் பார்க்கப் போகிறவர்களை ஏற்றிச் செல்லும் ஆறு வண்டிகள் அங்கே நிற்கின்றன. அவற்றில் ஸ்ப்ரிங்குக்குப் பதிலாகக் காற்றுப்பை. சுவிட்சை அழுத்தினால் பை உப்பி, வண்டியின் உடம்பு நான்கு விரல் உயரும். முதலில் பின்பக்கம் எழும், சற்று நின்று முன்பக்கம் எழும். மணலுக்குள் போகுமுன் டயரில் பாதிக் காற்றை இறக்கிவிடுவார்கள். அதனால் தரையிலிருந்து அளக்கக் கூடாது என்பது அவர் சட்டம். "தரையிலேர்ந்து அளக்கறவன் டயரத்தான் அளக்கறான்" என்பார்.

இருபத்திரண்டு வருடம் மணலில் வண்டி ஓட்டியவர். இடுப்பு மக்கர் செய்ததிலிருந்து, புறப்படும் வண்டிகளின் உயரத்தைச் சரிபார்த்து அனுப்புவதுதான் வேலை. டேப் சென்டிமீட்டரில் காட்டினாலும் எந்தக் குறையையும் விரல் அகலத்தில், விரற்கடைக் கணக்கில் சொல்வதால் கூடத்தில் அவருக்கு விரற்கடைக்காரர் என்றே பெயர்.

வண்டிக்குள் இருக்கும் திரையில் உயரம் படமாகவே தெரியும். அந்தத் திரையோடு அவருக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. காரணமும் வைத்திருக்கிறார். உயர்த்திய வண்டியைக் கொஞ்சம் வேகமாக ஓட்டினால் அது தானாகவே பழைய உயரத்துக்கு இறங்கிவிடும். "நம்மகிட்ட ஒரு வார்த்தை கேக்காம இறங்குறவன், கேக்காம வேற என்னென்ன பண்ணுவான்?"

வண்டியோடு நிற்கும் சந்தேகம் அல்ல அது. குழாயில் வரும் முதல் சொம்புத் தண்ணீரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுக் கொட்டுவார். பக்கத்து வீட்டுக்காரர் சிரித்தால், அவர் உள்ளே போகும்வரை வாசலிலேயே நிற்பார். தையல் வேலை செய்யும் அவர் மனைவியைக் கேட்டேன். "பொண்ணு பாக்க வந்தப்ப எங்க வீட்டு நாற்காலிய ரெண்டு தடவ ஆட்டிப் பாத்துட்டுதான் உக்காந்தாரு. அந்த நாற்காலி இப்ப இங்கதான் இருக்கு. இன்னும் ஆட்டிப் பாத்துட்டுதான் உக்கார்றாரு" என்றார். கத்தரிக்கோலைக் கீழே வைக்கவே இல்லை.

சக்கரத்துக்கு மேலே கை நுழைப்பதற்கும் ஒரு முறை உண்டு. உள்ளே யாரும் இருக்கக் கூடாது, சாவி அவர் சட்டைப்பையில் இருக்க வேண்டும். கை உள்ளே இருக்கும்போது யாராவது சுவிட்சைத் தொட்டு வண்டி இறங்கிவிட்டால், கை போயிற்று.

கிணற்றுக்கு இடம் பார்க்க நான் மூன்றாவது வண்டியில் போகவேண்டிய நாள் அது. முதல் வண்டியில் அவர் மகள் உட்கார்ந்திருந்தாள். இரண்டு வருடம் கடைசி வண்டியை ஓட்டிவிட்டு அன்றைக்குத்தான் முதல் வண்டி அவளுக்குக் கிடைத்திருந்தது. முன்னால் போகிறவர்தான் வழி போடுகிறவர், மற்றவர்கள் அந்தத் தடத்தில் வருவார்கள். ஏழரைக்குள் கிளம்பாவிட்டால் வேறொருவரை முன்னால் அனுப்பிவிடுவேன் என்று மேலாளர் முன்தினமே சொல்லியிருந்தார்.

"இறங்கு. சாவியக் குடு" என்றார் விரற்கடைக்காரர்.

"எதுக்கு? என் வண்டி, நான் உக்காந்திருக்கேன். நீங்க அளங்க."

சுவிட்சை அழுத்தினாள். வண்டியின் பின்பக்கம் மெல்ல எழுந்தது. அவர் வண்டியைச் சுற்றிப் போய்ச் சக்கரம் சக்கரமாக அளந்து, கையும் நுழைத்துப் பார்த்தார். பின்சக்கரங்கள் இரண்டும் ஐம்பத்து நான்கு. முன்சக்கரங்கள் இரண்டும் ஐம்பத்திரண்டு.

"முன்பக்கம் ஒரு விரக்கடை கம்மி."

"இன்னும் ஏறிட்டிருக்குப்பா. விளக்கு கண்ணடிக்குது."

"எவ்ளோ நேரமாக் கண்ணடிக்கும்? எங்கயோ காத்து போகுது. மூக்கு தாழ்ந்த வண்டி மேட்டுல ஏறும்போதே மணல வாரும். உன் தாய்மாமன் நேத்து மாத்தின குழாயாத்தான் இருக்கும்."

தாய்மாமன், அதாவது மனைவியின் தம்பி, அங்கே மெக்கானிக். கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "புதுக் குழாய் மாமா. உங்க கண்ணு முன்னாடிதான் கவரப் பிரிச்சேன்."

"கவர் புதுசு, பாத்தேன். உள்ள இருந்தது?"

"அதையும் கடிச்சுப் பாத்திருக்கலாம்."

சோப்புத் தண்ணீர் வந்தது. குழாயின் இணைப்பில், பையின் மடிப்பில், காற்றடிக்கும் மோட்டாரின் வாயில் எல்லாம் பீய்ச்சினார்கள். காற்று கசிந்தால் குமிழ் வர வேண்டும். ஒரு குமிழும் இல்லை. தண்ணீர் மட்டும் சிமெண்டுத் தரையில் சொட்டி ஓடியது. குமிழ் இல்லாததும் அவருக்குச் சந்தேகமாகவே இருந்தது. "சோப்பு சரியில்ல" என்றார்.

மெக்கானிக் வானத்தைப் பார்த்தார்.

ஏழு இருபத்தைந்து. மேலாளர் இரண்டாவது வண்டியின் ஜன்னலில் குனிந்து எதையோ சொல்ல, அதன் ஓட்டுநர் கையுறையை மாட்டிக்கொள்ளத் தொடங்கினார். மகள் அதைக் கண்ணாடியில் பார்த்திருக்க வேண்டும். திரையின் மேல் விழுந்த காலை வெயிலை இரண்டு உள்ளங்கைகளாலும் மறைத்து, முகத்தைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள். பிறகு இறங்கி, வண்டியைச் சுற்றிப் போய், பின்பக்க இடது கதவில் கை வைத்தாள். மூடியது போலத்தான் தெரிந்தது, ஆனால் தாழ் விழவில்லை. கதவு திறந்திருந்தால் அந்த வண்டி ஏறவும் செய்யாது, இறங்கவும் செய்யாது. இருந்த இடத்தில் நின்றுவிடும்.

"இது யாரு திறந்தது?"

விரற்கடைக்காரர் டேப்பைச் சுருட்டத் தொடங்கினார். மெக்கானிக் சோப்புப் புட்டியின் மூடியை மெதுவாகத் திருகினார்.

"உள்ள இருந்தது நான்ப்பா."

"கை என்னோடது" என்றார் அவர்.

அவள் அவர் கையைப் பார்த்தாள். பிறகு கதவை அறைந்து சாத்திவிட்டு, ஏறி உட்கார்ந்து தன் கதவையும் சாத்தினாள். மோட்டார் முனகியது. வண்டியின் மூக்கு ஒரு விரற்கடை எழுந்து நின்றது. கண்ணடித்த விளக்கும் அடங்கி நிலையாக எரிந்தது.

"மாமா, புதுக் குழாய்" என்றார் மெக்கானிக்.

"இன்னைக்கு" என்றார் அவர்.

அவர் டேப்பை எடுத்துக்கொண்டு முன்சக்கரத்தை நோக்கிக் குனிவதற்குள் மகள் வண்டியை நகர்த்திவிட்டாள். ஏழு இருபத்தொன்பது. சிமெண்டுத் தரையைத் தாண்டி மணலில் இறங்கும் இடத்தில் ஒரு நொடி நிதானித்து, பிறகு ஒரே சீராக ஏறிப் போனாள். முன்பக்கம் மணலை வாரவில்லை. இரண்டாவது வண்டி அவள் தடத்தில் இறங்கியது. எங்கள் ஓட்டுநரும் கியரைப் போட்டார்.

நான் ஜன்னல் வழியே திரும்பிப் பார்த்தேன். மெக்கானிக் உள்ளே போய்விட்டிருந்தார். மகளின் வண்டி நின்ற வெற்றுத் தரையில் விரற்கடைக்காரர் மட்டும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு முழங்காலிட்டிருந்தார். முன்சக்கரம் நின்ற இடத்தில் இன்னும் காயாத ஈரத்தை ஒரு விரலால் தொட்டு, மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார். பிறகு அடுத்த சக்கரம் நின்ற இடத்துக்கு நகர்ந்தார்.