கண்டாக்கு கேட்ட பாட்டு

என் பழைய காரின் ரேடியோவில் கேசட் மட்டும்தான் போகும். கேசட் வடிவிலேயே ஒரு அடாப்டர் வாங்கி, இன்று காலை அதன் வயரைப் போனில் செருகினேன். உள்ளே தள்ளியபோது 'களுக்' என்றது. சின்ன வயதில் மாமாவின் டேப்பில் கேட்ட அதே சத்தம்.

அப்போது அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளான லயத்தில் ஒரு காம்பராவில் இருந்தோம். மலையில் கொழுந்து பறித்துவிட்டு வந்து, இடுப்பில் கட்டிய ஈரப் படங்குச் சாக்கை அவிழ்த்து அடுப்போரம் காயப்போட்டதும் அம்மா பாடுவார். கொழுந்து நிறுக்கும்போது தோட்ட மேற்பார்வையாளரான கண்டாக்கு எடையைத் திருடுவதைக் கேலி செய்து அம்மாவே கட்டிய பாட்டு அது. மாமா அதைப் பதிந்து போட்டுக்காட்ட, லயமே சிரித்தது. செய்தி எட்டியதும் கண்டாக்கு வந்து, நாடாவை உருவிச் சேற்றில் போட்டு மிதித்தார். ஆனால் அம்மா பாட்டை மறக்கவில்லை. போன வாரம்தான் பாடச்சொல்லிப் போனில் பதிந்தேன்.

இன்று அம்மாவோடு மஸ்கெலியா போகும் வழியில், மழையில் கைநீட்டிய கிழவர் ஒருவரைப் பின்சீட்டில் ஏற்றினேன். கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. அதே கண்டாக்கு. பாட்டைப் போட்டேன்.

"நல்லா பாடுறாங்களே, யாரு?"

"நான்தாங்க," என்றார் அம்மா.

தராசைப் பற்றிய அடி வந்ததும் கிழவரின் முகம் கறுத்தது. "தம்பி, இங்கேயே எறக்கி விடுங்க."

நான் சத்தத்தைக் கூட்டினேன். அம்மா மெல்லத் திரும்பினார்.

"மழை பெய்யுதுங்க ஐயா. ஒக்காருங்க, பாட்டு இன்னும் முடியல."