பாய் கடைக்கு நான் போடாத (எ)

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி வியாபாரம் செய்யும் பாய்க்கு என் சர்வரில்தான் மின்னஞ்சல். ஸ்ரீவில்லிபுத்தூரில் அவருடைய மச்சான் நடத்தும் கடைக்கும் அதிலேயே. ஒரே இயந்திரம், இரண்டு டொமைன். ஒரு வீட்டுக்கு இரண்டு கதவு எண் மாதிரி. பதில் எழுதுவது மச்சான் என்பதால், பாய்க்கு வருவதையெல்லாம் மச்சானுடைய இலவச மெயிலுக்குத் திருப்பிவிட வேண்டும்.

“ஆர்டர், விசாரணைன்னு ரெண்டு அலையாஸ் போட்டாப் போதும், பாய். அந்த ரெண்டு பேருக்கு வர்றது மட்டும் மச்சானுக்குப் போகும்” என்றேன்.

“அலையாஸா? அது போலீஸ் நோட்டீஸ்ல போடுததுல்லா! இன்னார் (எ) இன்னார்னு. எங்க அத்தா வச்ச கடைக்கு (எ) போடுவியளோ?”

விளக்கியிருக்கலாம். செத்த நேரம் ஆகும். அதற்குப் பதிலாக, எந்தப் பெயருக்கு எது வந்தாலும் வாங்கி அனுப்பு என்று சர்வருக்கு ஒரே வரி எழுதினேன். அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்; உண்மையில் சோம்பேறித்தனம்.

ஐந்து வேளை தொழுகிறவர் கடைக்கு ஆண்மை மாத்திரை வந்தது. லாட்டரி வந்தது. வாயில் சொல்லக் கூசும் படங்கள் வந்தன. அம்புட்டையும் என் சர்வர் சிரத்தையாக மச்சானுக்கு அள்ளிக் கொட்ட, அந்த இலவச மெயில்காரன் முகத்தைச் சுளித்து, என் சர்வரிலிருந்து இனி எதுவும் வேண்டாம் என்று கதவைச் சாத்திவிட்டான். அவன்மேல் தப்பில்லை.

பாய் சாம்பிள் துணியோடு ஆறு மாதம் அலைந்த கேரளத்து ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. ஆர்டர் அனுப்பி நாலு நாளாயிற்றாம். அந்தக் கடிதத்துக்கு இன்று மதியத்துக்குள் எழுத்தில் பதில் இல்லையென்றால் வேறு ஆள்.

பாய் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, போக வழியில்லாமல் என் சர்வரில் தேங்கிக் கிடந்த ஆயிரக்கணக்கான கடிதங்களைப் புரட்டினேன். அடைத்த சாக்கடையில் கைவிட்டு மோதிரம் தேடுகிற வேலை. ஒவ்வொரு தலைப்புக்கும் அவர் கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு அந்த வசதியும் இல்லை. கடிதம் கிடைத்தபோது மணி இரண்டரை. போன் செய்தார். வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

போனை மேசையில் வைத்தார். பிறகு கேட்டார்:

“அந்த (எ) போட்டிருந்தா ஒழுங்கா வந்திருக்குமா?”

“வந்திருக்கும், பாய்.”

“நான் விவரம் தெரியாம வேண்டாம்னேன். தெரிஞ்ச நீங்க ஏன் சார் என் பேச்சைக் கேட்டிய?”

திட்டியிருந்தால் திருப்பிப் பேசியிருப்பேன். அந்த ஒரு வரியை அழித்துவிட்டு இரண்டு அலையாஸையும் தட்டினேன். இரண்டே நிமிடம்.