மற்ற மூன்று பேர்

கேள்வியில் வரும் ஐம்பத்தெட்டு வயது ஆள் மூச்சுவிட முடியாமல் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார். செவிலியர் முதலில் செய்ய வேண்டியது என்ன என்பது கேள்வி. ஜெபாவுக்கு முதலில் தெரிய வேண்டியதோ, அவரோடு கூட வந்தது யார் என்பது. கைப்பேசித் திரையில் நான்கு விடைகளும் காத்திருக்க, அவள் பார்வை பொன்னேரி ரயில் நிலையத்தின் எதிர் நடைமேடைக்குப் போய்விடுகிறது. அங்கே யாராவது ஒருவர் பெஞ்சில் குனிந்து இருமிக்கொண்டிருந்தால் போதும், கேள்வியில் இருக்கிற ஆளுக்கு முகம் கிடைத்துவிடும்.

முகம் கிடைத்ததும் பெயரும் வந்துவிடும். தேசப்பன். கவரைப்பேட்டைப் பக்கம் வீடு. இரும்பு உருக்கும் ஆலையில் காலமெல்லாம் வேலை பார்த்து நெஞ்சைக் கெடுத்துக்கொண்டவர். மனைவி மணியம்மாள் டோக்கன் வாங்கப் போயிருக்கிறாள். அவள் திரும்பி வருவதற்குள் இங்கே ஏதாவது ஆகிவிட்டால் அந்த அம்மாள் யாரைப் போய்க் கேட்பாள்? இத்தனையும் ஜெபாவின் மனம் கட்டியது. கேள்வியை எழுதியவருக்குத் தன் ஆளுக்கு ஒரு மனைவி இருப்பதே தெரியாது. இதற்குள் நேரம் முடிந்து திரை அடுத்த கேள்விக்குத் தாவிவிடும். தேசப்பன் மூச்சு வாங்கியபடியே பின்னால் தங்கிவிடுவார். கும்மிடிப்பூண்டி வண்டியும் வந்துவிடும்.

வண்டியில் அவளுக்கு ஜன்னலோரம் கிடைத்துவிட்டால் படிப்பு அன்றைக்கு அவ்வளவுதான். ஏரித் தண்ணீரில் காலை வெயில் கூடவே ஓடி வரும். தொலைவில் சிப்காட் ஆலைகளின் புகை, அந்த நேரத்துக்கு மட்டும் கழுவிப் போட்ட வேட்டி மாதிரி வெள்ளையாகத் தெரியும். கைப்பேசி மடியில் இருக்கும், அவள் இருக்கமாட்டாள். பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் தோளைத் தட்டித்தான் ஊர் வந்துவிட்டதைச் சொல்ல வேண்டும்.

கும்மிடிப்பூண்டியில் இறங்கி, நெடுஞ்சாலையை ஒட்டியிருக்கும் சின்ன தனியார் மருத்துவமனைக்குள் கால் வைத்துவிட்டால் ஆளே வேறு. அவசரப் பிரிவில் நர்சு அவள். கைக்கடிகாரத்தை மணிக்கட்டின் உள்பக்கமாகக் கட்டியிருப்பாள். கழுத்துச் சங்கிலியில் எப்போதும் சில ஊக்குகள் தொங்கும். காலி கட்டிலைக் கடந்து போனாலும் விரிப்பின் சுருக்கத்தை ஒரு இழுப்பில் சரிசெய்துவிட்டுத்தான் போவாள். உறவுக்காரர்கள் வீட்டிலும் இதே வேலை. அவள் வருகிறாள் என்றால் அங்கே கட்டிலில் படுத்திருப்பவர்கள் எழுந்து உட்கார்ந்துகொள்வார்கள். அழுகிற நோயாளியிடம் அவள் சொல்வது எப்போதும் ஒன்றுதான்.

"ஒண்ணும் ஆவாது. நான் கீறேன்ல."

எழுத்துத் தேர்வு மட்டும் அவளுக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே ஆகாது. திருவள்ளூரில் நர்சிங் படித்தபோதும் செய்முறையில் வாங்கிய மதிப்பெண்தான் அவளைக் கரையேற்றியது. தாளைப் பார்த்ததும் கை சில்லிட்டுப்போகும், வாய் உலரும். இப்போது அவள் படித்துக்கொண்டிருப்பது வளைகுடா நாட்டில் வேலை பார்ப்பதற்கான உரிமத் தேர்வு. இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் போய்விட்டது. விடை தெரியாமல் போனது குறைவு, நேரம் தீர்ந்து போனதுதான் அதிகம். அந்தத் தேர்வின் கடைசிக் கேள்வி எப்படி இருக்கும் என்பதையே அவள் இதுவரை பார்த்ததில்லை.

போனால் போகட்டும் என்று விட முடியாததற்குக் காரணம் ஸ்டீவன். கல்யாணம் ஆன சூட்டோடு ஓமனுக்குப் போன கணவன். அங்கே ஒரு துறைமுக ஊரில் பைப் ஃபிட்டர் வேலை. அவன் வாங்கும் சம்பளத்துக்கு மனைவியை அழைத்து வைத்துக்கொள்ள அங்கே வழியில்லை. ஒரே அறையில் அடுக்குக் கட்டில் போட்டு ஆண்களாகத் தங்கியிருக்கிறார்கள். ஜெபாவுக்கு அங்கே வேலை கிடைத்தால் தங்க இடமும் கிடைக்கும், ஒரே வீட்டில் இருக்கலாம். அந்த ஊர் மருத்துவமனை ஒன்று நேர்காணலில் அவளைத் தேர்ந்தெடுத்தும்விட்டது, உரிமம் ஒன்றுதான் பாக்கி. இந்த முறையும் தவறினால் இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள் என்று ஏஜென்சிக்காரர் நயமாகச் சொல்லி முடித்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை ஸ்டீவனுக்கு விடுமுறை. அந்த மருத்துவமனை வாசலுக்குப் போய் நின்றுகொண்டு வீடியோவில் கூப்பிடுவான்.

"தோ பாரு ஜெபா, மேல மூலைல ஒரு ஜன்னல் தெரிதா? அதான் உன்னோட வார்டு."

"யார் சொன்னாங்க?"

"யாரும் சொல்லல. நானா வச்சிகினேன். இன்னா, நீ மட்டும்தான் கதை கட்டுவியா?"

மருத்துவமனை வாசல் கேட்டுக்கு அருகில் ஒரு பூனை படுத்திருக்கும். இருவரும் அதற்கு டப்பு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்த ஜன்னலுக்குப் பின்னால் என்னென்ன இருக்கும், எந்தக் கட்டிலில் வெயில் விழும், திரைச்சீலை என்ன நிறம் என்பதெல்லாம் ஜெபா எப்போதோ முடிவுசெய்துவிட்டாள். வேலை முடிந்து அவள் படியிறங்கி வருவாள், ஸ்டீவன் வாசலில் நிற்பான், இரண்டு பேரும் ஒரே பக்கமாக நடந்து போவார்கள். அவளுடைய பகற்கனவு அவ்வளவுதான்.

அவளைத் தேற்றிவிடுவது என்று கங்கணம் கட்டிக்கொண்டிருப்பவள் பூமிகா. கூட வேலை பார்ப்பவள், வயதில் சின்னவள். பரீட்சை என்றால் அல்வா சாப்பிடுகிற மாதிரி அவளுக்கு. வெளிநாடு போகும் எண்ணமே இல்லை, ஆனாலும் ஜெபாவுக்காகக் கேள்விகளைத் தேடிப் பிடித்துக்கொண்டு வருவாள். நாஷ்டா நேரத்தில் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்ததும் விசாரணை தொடங்கிவிடும்.

"நாலு பேஷன்ட்டு கா. யார மொதல்ல பாப்ப?"

"யார் யாரு?"

"ஒருத்தருக்கு சக்கர ஏறிகீது. ஒருத்தருக்கு கட்டு மாத்தணும். ஒரு அம்மா வலிக்கு மாத்திர கேக்குறாங்க. ஒருத்தருக்கு நெஞ்சு வலி."

"நெஞ்சு வலிதான். இது தெரியாதா?"

"அப்ப அத்த அமுக்கு!"

ஜெபாவின் விரல் திரைக்கு மேலே போய் நின்றது. "அமுக்கலாம். மத்த மூணு பேரு?"

"அவங்க பேப்பர்ல கீறாங்க கா!"

"அந்தம்மா எவ்ளோ நேரமா வலியோட குந்திகினு கீறாங்களோ. நாம பாட்டுக்கு அவங்கள உட்டுட்டுப் போனா இன்னா நினைப்பாங்க?"

பூமிகா தலையில் கை வைத்துக்கொண்டாள். "நீ கேள்விய மட்டும் படி. பேஜாரா கீது உன்னோட."

பூமிகா சொல்வது நியாயம்தான் என்று ஜெபாவுக்கும் தெரியும். தெரிந்து என்ன, ஒருவரைத் தொட்டுத் தேர்ந்தெடுத்த உடனே மற்ற மூவரும் திரையிலிருந்து அழிந்துபோகிறார்களே, அந்த இடத்தில்தான் அவள் விரல் மக்கர் செய்தது. அந்த ஒரு நொடித் தயக்கம் கேள்விக்குக் கேள்வி சேர்ந்து, கடைசியில் ஒரு பெரிய பள்ளமாகி அவளை விழுங்கிவிடும்.

தேர்வுக்கு முந்தின வாரம் ஒரு நண்பகல். அவசரப் பிரிவில் பெஞ்சு நிறைந்துவிட்டது. பஜாரில் மீன் விற்கும் எல்லம்மா, பழவேற்காட்டுக்காரி, கெளுத்தி முள் குத்திய கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் தகரம் காலைக் கிழித்த ஒரு ஆலைத் தொழிலாளி. அவருக்கு அடுத்து, காய்ச்சலில் துவண்ட குழந்தையைத் தோளில் போட்ட ஒரு தாய். இவர்களுக்கெல்லாம் பிறகு, ஒரு கிடங்கின் வாட்ச்மேன் தன் காலாலேயே நடந்து வந்தார். "சொம்மா வாயு மா. ஒரு ஊசி போட்டா சரியாப் பூடும்" என்று தாடையைத் தேய்த்துக்கொண்டார்.

ஜெபா அவர் சட்டையைப் பார்த்தாள். முதுகோடு ஒட்டி நனைந்திருந்தது. பிறகு நடந்ததெல்லாம் ஒரே வீச்சில் நடந்தது. அவரைப் படுக்க வைத்து, டாக்டரைக் கூப்பிட்டு, நெஞ்சில் இ.சி.ஜி. வயர்களை ஒட்டினாள். மாரடைப்புதான். மருந்துக்கும் ஆம்புலன்ஸுக்கும் மாற்றி மாற்றி ஓடினாள். ஓடும் ஒவ்வொரு முறையும் அந்தப் பெஞ்சைக் கடந்துதான் ஓட வேண்டியிருந்தது. வாட்ச்மேன் உயிரோடு சென்னைக்கு வண்டியேறிய பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது. குழந்தையை டாக்டரிடம் அனுப்பினாள், தொழிலாளியின் காலைப் பூமிகா தைக்கத் தயார் செய்தாள். சூடு பொறுக்கும் அளவுக்கு வெந்நீர் கலந்து, எல்லம்மாவின் கையை அதில் வைத்தாள் ஜெபா.

"ரொம்ப நேரம் குந்த வச்சிட்டேன் மா. கோச்சிக்காத."

"எதுக்கு கோச்சிக்கணும்? நீதான் போவும்போதெல்லாம் கைய காட்னியே."

"எந்தக் கைய?"

எல்லம்மா நல்ல கையை உயர்த்தினாள். உள்ளங்கையை முன்னால் காட்டி, கண்ணை ஒருமுறை மூடித் திறந்தாள். "இப்டி. இரு, தோ வந்துர்றேன்னு. செத்த மீனு கூட குத்தி உயிர வாங்குது, ஆனா அத்த பாத்தப்பறம் எனுக்கு பாதி வலி இல்ல. சொல்லிட்டுப் போச்சே, வந்துரும்னு குந்திகினு இருந்தேன்."

ஜெபா நம்பவில்லை. திரும்பிப் பூமிகாவைப் பார்த்தாள். "நானா?"

"தெனமும்தான் காட்ற, இடது கைய. நான் எதனா கேட்டாக்கூட அப்டித்தான் காட்ற. உனுக்கே தெரியாதா கா?"

தெரியாதுதான். இத்தனை வருடமாக அவள் இடது கை தன் பாட்டுக்கு ஒரு வேலை செய்துவந்திருக்கிறது, அவளிடம் சொல்லவே இல்லை. அன்று பஞ்சு எடுக்கப் போன இடத்தில் நின்று தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் ரயில் நிலையத்தில் திடீரென்று பூமிகாவிடம், "அப்போ நான் யாரையும் உட்டுட்டுப் போவலடி. சொல்லிட்டுத்தான் போறேன்" என்றாள். எதைப் பற்றிப் பேசுகிறாள் என்று பூமிகாவுக்கு விளங்கவில்லை.

தேர்வு நாள் காலையில் சென்னை வண்டிக்குக் காத்திருந்தபோது ஸ்டீவன் கூப்பிட்டான். அங்கே அப்போதுதான் விடிந்திருந்தது. "பொறுமையா எய்து. போனா போவுது" என்றான். அப்படிச் சொன்னவன், வெள்ளிக்கிழமை இல்லாத நாளில், வேலைக்குப் போகும் முன்னால் அந்த மருத்துவமனை வாசலில் போய் நிற்பதை ஜெபா கவனித்தாள். பின்னால் வாசல் கேட்டும் பூனையும் தெரிந்தன. வண்டி வரும்வரை அவள் அழைப்பைத் துண்டிக்கவில்லை.

தேர்வறை ஏசியில் ஜில்லென்று இருந்தது. ஆளுக்கொரு கம்ப்யூட்டர், ஆளுக்கொரு தடுப்பு, தலைக்கு மேலே கேமரா. வழக்கம்போல் கை சில்லிட்டது. வழக்கம்போல் கேள்விக்குள்ளிருந்து ஆட்கள் எழுந்து வரத் தொடங்கினார்கள். இந்த முறை அவள் அவர்களை விரட்டவில்லை. நாலு பேர் வந்தார்கள். விடையைச் சொடுக்கினாள். இடது கை மேசையிலிருந்து எழுந்து மற்ற மூன்று பேருக்கும் உள்ளங்கையைக் காட்டியது. அவர்கள் பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்கள். அடுத்த கேள்வி வந்தது.

தேசப்பனும் வந்தார், அதே மூச்சிரைப்போடு. அவரை நிமிர்த்தி உட்கார வைக்கும் விடையைத் தொட்டுவிட்டு, டோக்கனோடு ஓடி வரும் மணியம்மாளுக்குக் கையைக் காட்டினாள். கேமராவில் இதைப் பார்த்த கண்காணிப்பாளர் எழுந்து வந்துவிட்டார்.

"ஏதாவது வேணுமா மேடம்? கைய கைய தூக்குறீங்க."

"ஒண்ணும் வோணாம் சார்."

அவர் தடுப்புக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, சந்தேகத்தோடுதான் திரும்பிப் போனார். அதற்குப் பிறகு அவள் கையை மேசை உயரத்துக்கு மேல் தூக்கவில்லை. தூக்காமலே காட்ட முடிந்தது. ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். குழந்தைகள், பிள்ளை பெற்றவர்கள், கட்டுப் போட்டவர்கள், மயக்கம் தெளியாதவர்கள். ஏரிக்கரையோரம் வண்டி போவது மாதிரி கேள்விகள் போய்க்கொண்டிருந்தன. சிலவற்றில் அவளுக்கு விடை நிச்சயமில்லை. அங்கேயும் ஒன்றைத் தொட்டுவிட்டு நகர்ந்தாள்.

ஒரு கட்டத்தில் திரையில் வேறு எதுவும் வரவில்லை. தேர்வை முடிக்கலாமா என்று மட்டும் கேட்டது. அவள் பதறிப்போய் நேரத்தைப் பார்த்தாள், இன்னும் மிச்சம் இருந்தது. சற்றுமுன் தான் பதில் சொன்னதுதான் கடைசிக் கேள்வி என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அதில் என்ன கேட்டிருந்தார்கள் என்றுகூட இப்போது நினைவில்லை. பெஞ்சில் அத்தனை பேரும் அவளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால், எங்கேயோ தொலைவில், ஒரு கேட்டருகே பூனை படுத்திருந்தது.

வலது கை மவுஸின் மேல் போனது. அழுத்துவதற்கு முன்னால் ஜெபாவின் இடது கை மெல்ல எழுந்தது. கேமரா பார்த்தால் பார்க்கட்டும் என்று நன்றாகவே உயர்ந்து, உள்ளங்கையைத் திரைக்குக் காட்டியது. அவள் கண்ணை ஒருமுறை மூடித் திறந்தாள்.